நேர்முகப் பரீட்சை: "அனுபவம் ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள்



அன்புச் சகோதரிகளே! உயர்தரப் பரீட்சைக்காக நாம் இரண்டு வருடங்கள் படிக்கின்றோம். கடந்தகால வினாத்தாள்களைத் தேடித் தேடிச் செய்கின்றோம். மேலதிக வகுப்புக்குப் போகின்றோம். சுபஹுக்கு முன்னர் எழும்பிப் பாடமாக்குகின்றோம். ஆனால் இந்தப் பரீட்சை முடிந்ததும் நம்மில் பலர் எழுதப் போகும் இன்னொரு பரீட்சை இருக்கின்றது. அதற்கு வினாத்தாளும் இல்லை, பேனையும் தேவையில்லை. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக நாம் ஒரு நாளாவது தயாராவதில்லை. அதுதான் நேர்முகப் பரீட்சை.

எனக்கு வயது பதினேழு. நான் இன்னும் எந்த நேர்முகப் பரீட்சைக்கும் போனதில்லை. அப்படியிருக்க இதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கடந்த வருடம் எங்கள் வாப்பாவின் கடையில், பில் போடும் மேசைக்குப் பின்னால் பத்து நாட்கள் "பரீட்சகராக" உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னவர் ஓர் அக்கா. அந்தப் பத்து நாட்களில் அவர் கற்றதைவிட நான் கற்றது அதிகம். அதையே இங்கு பாடமாக எழுதுகின்றேன்.

மூன்று கடிதங்கள்

அந்த அக்கா பசறைப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவர். என் ராத்தாவோடு கணினி வகுப்பில் ஒன்றாகப் படித்தவர். அம்மா கொழுந்து பறிக்கின்றார். அப்பா இல்லை. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தி. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. "இந்த வருஷம் ஒரு வேலை கிடைக்காட்டி கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போறதுதான்" என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

முதலாவது நேர்முகப் பரீட்சைக்கு அவர் போகவேயில்லை. அழைப்புக் கடிதம் பரீட்சை நடந்து இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் அவர் கைக்குக் கிடைத்தது. நகரத்தில் இருக்கும் நமக்கு இது விளங்காது. நமது வீட்டுக்கு இலக்கம் உண்டு; தபால்காரர் வாசலில் நின்று மணி அடிப்பார். தோட்டங்களில் பல லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து தப்பால் எடுத்து வருபவர் கையில் சேர்ந்து, பிறகுதான் லயத்துக்கு வரும். இடையில் ஒரு சனி, ஞாயிறு வந்தால் போதும்.

இரண்டாவது நேர்முகப் பரீட்சைக்குப் போனார். அங்கு இரண்டு விடயங்கள் நடந்தன. சிங்களத்தில் எழுதப்பட்ட அவருடைய பிறப்புச் சான்றிதழில் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தது. அடையாள அட்டையில் வேறு மாதிரி இருந்தது. "இது இரண்டும் ஒரே ஆள்தானா?" என்று கேட்டதும் அக்காவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அடுத்து, "அனுபவம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "ஒன்றும் இல்லை சேர்" என்றார். "சரி, போகலாம்" என்றார்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது கடிதம் வந்தபோது அவர் நேரே எங்கள் கடைக்கு வந்தார். தேயிலை வியாபாரத்தோடு தொடர்புடைய ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுவதற்கான பயிலுனர் வேலை. பரீட்சைக்குப் பத்து நாட்கள் இருந்தன. ராத்தா அப்போது வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். எனவே, "தங்கச்சி, நீ கேள்வி கேள், நான் சொல்லிப் பார்க்கிறேன்" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

அவர்கள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள்?

நேர்முகப் பரீட்சை என்பது அழகாகப் பேசும் போட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் ராத்தா அப்படி நினைத்தே ஒரு வாய்ப்பை இழந்தார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பக்க விடையை மனனம் செய்துகொண்டு போனார். நன்றாகச் சொன்னார். அதில் தலைமைத்துவம் என்று ஒரு சொல் வந்தது. "எங்கே தலைமை வகித்தீர்கள்?" என்று கேட்டார்கள். அது மனனம் செய்த பக்கத்தில் இருக்கவில்லை. ராத்தா வாயடைத்துப் போனார். உண்மையில் அவர் இரண்டு வருடம் வகுப்புத் தலைவியாக இருந்தவர்! தன்னுடைய சொந்த வாழ்க்கையே அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பரீட்சகர் குழு எத்தனை கேள்வி கேட்டாலும் அவற்றுக்குப் பின்னால் மூன்று கேள்விகள்தான் இருக்கின்றன. இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா? இவரை நம்பலாமா? இவரோடு சேர்ந்து மற்றவர்கள் வேலை செய்யலாமா?

நமது நாட்டின் அரசாங்க வேலைகளுக்கு இரண்டு வகையான நேர்முகப் பரீட்சைகள் உண்டு. ஒன்று பொது நேர்முகப் பரீட்சை. இதில் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. வர்த்தமானியில் கேட்கப்பட்ட தகைமைகள் உங்களிடம் இருக்கின்றனவா என்று பத்திரங்களை மட்டும் பார்ப்பார்கள். மற்றையது கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை. இதில் புள்ளிகள் உண்டு. எதற்கு எத்தனை புள்ளி என்ற திட்டம் அறிவித்தலிலேயே இருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் வயதெல்லையையும் முடிவுத் திகதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. புள்ளித் திட்டம் இருந்தால் அதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அதுதான் பாடத்திட்டம்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலால் புள்ளியிடும் முறைக்கு ஆய்வு ரீதியான காரணமும் உண்டு. பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை 85 ஆண்டுகளாகச் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனம் போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்முகப் பரீட்சையைவிட, கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை ஒருவர் பின்னர் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகின்றது என்று கண்டார்கள். 2022இல் போல் சகெட் என்பவரும் அவரது குழுவினரும் அந்தக் கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோதும் கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை முன்னணியிலேயே நின்றது. நமக்கு ஆறுதல் தரும் இன்னொரு விடயமும் 1998 கட்டுரையில் உண்டு. ஒருவர் எத்தனை வருடம் வேலை செய்தார் என்ற எண்ணிக்கை மட்டும் அவ்வளவு பெரிய அளவுகோல் அல்ல. வருடங்கள் நம்மிடம் இல்லை என்று நாம் தலை குனியத் தேவையில்லை.

அல்குர்ஆன் காட்டும் இரண்டு சம்பவங்கள்

இதை நான் வாசித்தபோது எனக்கு சூரா அல்கஸஸ் ஞாபகம் வந்தது. மூஸா (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள் மத்யனுக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் கையில் எந்தச் சான்றிதழும் இருக்கவில்லை. ஊரும் புதிது. தண்ணீர்த் துறையில் இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதைக் கண்டு, அவர்களுக்காகத் தண்ணீர் புகட்டிவிட்டு, கூலி எதுவும் கேளாமல் நிழலுக்குப் போய்விட்டார்கள். பின்னர் அந்தப் பெண்களில் ஒருவர்தான் தன் தந்தையிடம் இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளும்படி சொல்கின்றார். அதற்கு அவர் காட்டிய காரணங்கள் இரண்டு: பலமுள்ளவர், நம்பிக்கைக்குரியவர்.

கவனியுங்கள் சகோதரிகளே! வேலைக்கு ஆளைத் தெரிவு செய்யும் அந்த ஆலோசனையைச் சொன்னவர் ஒரு பெண். அவர் பார்த்தது மூஸா நபியின் பேச்சை அல்ல, துறையில் அவர்கள் செய்த வேலையை.

அடுத்தது யூசுப் (அலைஹிஸ்ஸலாம்) அவர்களின் சம்பவம். நாட்டின் களஞ்சியங்களைத் தன் பொறுப்பில் தரும்படி அவர்கள் மன்னனிடம் தாமே கேட்டார்கள். பாதுகாக்கும் தன்மையும் அறிவும் தமக்கு இருப்பதை எடுத்துச் சொன்னார்கள். பணிவு என்றால் தன் திறமையை மறைப்பது என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். தேவையான இடத்தில், உள்ளதை உள்ளபடி சொல்வது பெருமையடிப்பது ஆகாது என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்கின்றேன்.

முதலாவது தயாரிப்பு: பத்திரங்கள்

பத்திரக் கோவையைக் கடைசி நாளில் தயாரிக்க முடியாது. பாடசாலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், வேறு பாடநெறிகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே கோவையில் வையுங்கள். மூலப் பிரதி ஒரு பக்கம், நிழற்பிரதி ஒரு பக்கம். அழைப்புக் கடிதத்தில் கேட்கப்பட்டுள்ள ஒழுங்கிலேயே அடுக்குங்கள். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பிள்ளையைப் பார்த்ததும் "இவர் ஒழுங்கானவர்" என்ற எண்ணம் பேசுவதற்கு முன்பே வந்துவிடும்.

பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. நமது வகுப்பிலேயே எத்தனை பாத்திமாக்கள்! ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்து ஒரு மாதிரி, சாதாரண தரச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. முதலெழுத்து ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. நான் இதை எழுதுமுன் என் பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். என் பெயரிலும் ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கின்றது! பிறப்புப் பதிவில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் சென்று திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். அக்காவும் அப்படித்தான் செய்தார். அதற்காக அவருடைய அம்மா இரண்டு நாள் பேரை விட்டுவிட்டு நகரத்துக்கு வர வேண்டியிருந்தது.

பதினைந்து வயதானால் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் படிக்கும்போது அதிபர் மூலமாக அனுப்புவது இலகு. பாடசாலையை விட்ட பின் கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே இன்னும் எடுக்காத சகோதரிகள் இந்தத் தவணையிலேயே எடுத்துவிடுங்கள்.

முகவரியும் ஒரு பத்திரம் போன்றதுதான். கடிதம் தாமதமாகக் கிடைக்கும் இடத்தில் இருந்தால், நகரத்தில் உள்ள நம்பிக்கையான ஒருவரின் முகவரியை அவருடைய அனுமதியோடு கொடுக்கலாம். மூன்றாவது விண்ணப்பத்தில் அக்கா எங்கள் கடை முகவரியைத்தான் எழுதியிருந்தார். எப்போதும் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம் ஒன்றையும் எழுத வேண்டும்.

இரண்டாவது தயாரிப்பு: போகும் இடத்தை அறிதல்

"எங்கள் நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" இந்தக் கேள்வி வராத இடம் குறைவு. பதில் தெரியாதவர், எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை என்று வந்தவராகத் தெரிவார்.

பதுளையில் இருக்கும் நமக்கு இது கஷ்டமல்ல. வங்கிக்குப் போகின்றீர்களா? இலங்கை வங்கி 1939இலும் மக்கள் வங்கி 1961இலும் தொடங்கப்பட்டன என்பதோடு, உங்கள் ஊர்க் கிளையில் மக்கள் எதற்காக வரிசையில் நிற்கின்றார்கள் என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள். உயர்தரத்தின் பின் ஆசிரியராக வர விரும்பினால் தேசிய கல்வியியற் கல்லூரிக்கும் நேர்முகப் பரீட்சை உண்டு. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவையில் ஊவா கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் ஸ்ரீபாத கல்லூரி பத்தனையில் இருக்கின்றது. மூன்று வருடப் பயிற்சியில் இரண்டு வருடம் கல்லூரியிலும் ஒரு வருடம் பாடசாலையிலும் கழியும். இதைக்கூட அறியாமல் "எனக்கு ஆசிரியத் தொழில் மிகவும் விருப்பம்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அக்காவின் நிறுவனம் தேயிலையோடு தொடர்புடையது. "தேயிலையைப் பற்றி என்ன படிக்கிறது, நான் பிறந்ததே தேயிலைக்குள்ளதான்" என்று முதலில் சிரித்தார். நான் விடவில்லை. "ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு எத்தனை கிலோ கொழுந்து வேண்டும்?" என்று கேட்டேன். தெரியவில்லை. அன்று மாலை தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் மாமாவிடம் கேட்டு வந்தார். ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து. வாட்டல், உருட்டல், நொதிக்க வைத்தல், உலர்த்தல், சலித்துத் தரம் பிரித்தல் என்று ஒழுங்காகச் சொல்லவும் பழகினார். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை வருவதையும், கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியதையும், தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கியதையும் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டோம். தன் அம்மா தினமும் செய்யும் வேலை உலகச் சந்தைக்கு எப்படிப் போகின்றது என்பதை அக்கா அன்றுதான் முழுமையாக அறிந்தார்.

மூன்றாவது தயாரிப்பு: சொந்த விடைகள்

இதுதான் முக்கியமான பாடம்.

முதல் நாள் நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மிகவும் கண்டிப்பான குரலில், "உங்களுக்கு என்ன அனுபவம் இருக்கிறது?" என்று கேட்டேன். அக்கா வழக்கம்போல, "ஒன்றும் இல்லை" என்றார். நானும் பெரிய பரீட்சகர்போல் கொப்பியில் "அனுபவம்: 0" என்று எழுதினேன். அன்று கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்த உம்மா இதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஏன் மகள், ஒங்கட லயத்து மரணாதார சங்கக் கொப்பிய எழுதுறது யாரு?" என்று உம்மா கேட்டார்.

"நான்தான் உம்மா."

"அப்ப அது என்ன? அது கணக்கு இல்லையா?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்கா உயர்தரம் படிக்கும் காலத்திலிருந்தே அந்தக் கொப்பியை எழுதி வந்திருக்கின்றார். 42 குடும்பங்கள். மாதம் குடும்பத்துக்கு 100 ரூபா. யாராவது மௌத்தானால், அதாவது அவர்கள் சொல்வதுபோல் "தவறிட்டா", அந்தக் காசிலிருந்து கொடுப்பார்கள். ஒரு மாதம் 4,200 ரூபா இருக்க வேண்டிய இடத்தில் 4,300 ரூபா இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. காசு கூடத்தானே இருந்தது! ஆனால் அக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கின்றார். ஒரு வீட்டில் கணவர் சங்கத் தலைவரிடமும் மனைவி அக்காவிடமும் தனித்தனியாகக் கட்டியிருந்தார்கள். நூறு ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து காசு வாங்கியவர் கையெழுத்து வைக்க ஒரு நிரலைக் கொப்பியில் புதிதாகச் சேர்த்திருக்கின்றார்.

நான் எழுதிய பூச்சியத்தை அழித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என் எதிரில் இருந்தவர் மூன்று வருடம் கணக்காளராக வேலை செய்தவர். அதற்குச் சம்பளம் இல்லாததால் அவரும் அதை வேலை என்று எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

சகோதரிகளே, நீங்களும் ஒரு கொப்பியை எடுங்கள். சம்பளம் இல்லாமல் நீங்கள் செய்த வேலைகளை எழுதுங்கள். வாப்பாவின் கடையில் பில் போட்டீர்களா? நோன்பு காலத்தில் கஞ்சி விநியோகத்துக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தீர்களா? அஹதிய்யாவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டீர்களா? பாடசாலைக் கண்காட்சியில் சிற்றுண்டிச்சாலையை நடத்தினீர்களா? சுகமில்லாத மூமாவுக்கு நேரத்துக்கு மருந்து கொடுத்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரிகள் எழுதுங்கள். நிலைமை என்ன? உங்கள் பொறுப்பு என்ன? நீங்கள் என்ன செய்தீர்கள்? அதனால் என்ன பலன் கிடைத்தது? எண்ணிக்கை தெரிந்தால் எண்ணிக்கையோடு எழுதுங்கள். "நான் பொறுப்பானவள்" என்று யாரும் சொல்லலாம். "42 குடும்பங்களின் காசுக் கணக்கை மூன்று வருடம் எழுதினேன்" என்று அதைச் செய்தவர் மட்டும்தான் சொல்லலாம்.

இப்படி ஐந்து சம்பவங்கள் தயாராக இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு அவற்றிலிருந்தே விடை வரும். மனனம் செய்யத் தேவையில்லை. நடந்ததை யாரும் மறப்பதில்லை. மேலதிகக் கேள்வி கேட்டாலும் பயமில்லை. அதேநேரம் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லக் கூடாது. பொய்யால் கிடைக்கும் வேலையில் பரக்கத் இருக்காது. அடுத்த கேள்வியிலேயே அது அகப்பட்டும் விடும். தெரியாததைக் கேட்டால், "அது எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று சொல்வது மரியாதையான பதில்.

"உங்கள் பலவீனம் என்ன?" என்றும் கேட்பார்கள். அக்கா, "சிங்களம் பேசுவேன், எழுத வேகம் போதாது. இப்போது தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுகிறேன்" என்று சொல்ல முடிவு செய்தார். குறையும் உண்மை, அதற்கான முயற்சியும் உண்மை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் நமது நாட்டின் அரசகரும மொழியானது. ஆகவே தமிழில் பதில் சொல்வது குற்றமல்ல. ஆனால் ஊவாவில் வேலை செய்யும் ஒருவருக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் பலர் சிங்களவர்கள். பஸ்ஸிலும் சந்தையிலும் நாம் பேசும் சிங்களத்தைக் கொஞ்சம் திருத்தி, நம்மை அறிமுகப்படுத்தும் ஐந்து வசனங்களையாவது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பழகிக்கொள்வோம்.

"திருமணம் முடித்தால் வேலையை விட்டுவிடுவீர்களா?" என்ற கேள்வி பெண்களாகிய நமக்கு வரலாம். கோபப்படவும் வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். "என் குடும்பத்தோடு பேசித்தான் விண்ணப்பித்தேன். பொறுப்பை ஏற்றால் அதை நிறைவேற்றுவேன்" என்று அமைதியாகச் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் வீட்டில் உண்மையாகவே பேசியிருக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன் வாப்பாவிடமும் உம்மாவிடமும் வேலை நேரம், போக்குவரத்து, தொழுகைக்கான வசதி எல்லாவற்றையும் பற்றிப் பேசுங்கள்.

அந்த நாள்

முதல் நாளே இடத்தைப் பார்த்து வைப்பது நல்லது. மலைநாட்டில் மழைக்கும் பஸ்ஸுக்கும் நேரம் கிடையாது. ஒரு பஸ் முன்னதாகப் புறப்படுங்கள். குடை, தண்ணீர், பேனை, அழைப்புக் கடிதம் கையில் இருக்கட்டும். கோவையை மழை நனைக்காதபடி பொலித்தீன் உறையில் வையுங்கள். உடை சுத்தமாகவும் எளிமையாகவும் இருந்தால் போதும். பர்தாவை ஒழுங்காக அணிந்து, முகம் தெளிவாகத் தெரிய, நிமிர்ந்து உட்காருங்கள். வாசலில் உள்ள காவலாளியோடும் மரியாதையாகப் பேசுங்கள். அவரும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்தான்.

உள்ளே போனதும் அனுமதி கேட்டு, உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். கேள்வியை முழுமையாகக் கேளுங்கள். விளங்காவிட்டால் மீண்டும் கேட்கலாம். விடை சொல்லுமுன் ஒரு மூச்சு விடும் நேரம் எடுங்கள். எங்கள் பயிற்சியில் அக்காவுக்கு மிகவும் உதவியது இதுதான். கடைசியில் "ஏதும் கேட்க இருக்கிறதா?" என்றால், "முதல் மூன்று மாதத்தில் நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கலாம். நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

அக்காவின் நேர்முகப் பரீட்சை முடிந்ததும் பஸ்ஸில் வரும் வழியிலேயே கடைக்குத் தொலைபேசி எடுத்தார். அனுபவத்தைப் பற்றிக் கேட்டதும் சங்கக் கொப்பியைப் பற்றிச் சொல்லியிருக்கின்றார். பரீட்சகர்களில் ஒருவர், "அந்த நூறு ரூபா கூடத்தானே இருந்தது, யாரும் கேட்கவில்லையே, ஏன் தேடினீர்கள்?" என்று கேட்டாராம். அது நாங்கள் பழகாத கேள்வி. அக்கா, "சேர், அது செத்த வீட்டுக் காசு. அதுல ஒரு ரூபா கூடினாலும் குறைஞ்சாலும் எனக்கு நித்திரை வராது" என்றாராம். அதற்குப் பிறகு அவர்கள் அதிகம் கேட்கவில்லை என்று சொன்னார். அதனால் வேலை இல்லை என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது நாள் எங்கள் கடை முகவரிக்குக் கடிதம் வந்தது. வாப்பா அதைப் பிரிக்காமல், கடையை நானாவிடம் ஒப்படைத்துவிட்டு, தானே தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிடைக்காவிட்டால்?

எல்லாக் கதையும் இப்படி முடியாது. ஓர் இடத்துக்குப் பலர் விண்ணப்பிக்கும்போது நல்லவர்களுக்கும் கிடைக்காமல் போகும். சில வேளை நியாயமில்லாமலும் போகும். அன்றிரவே கேட்கப்பட்ட கேள்விகளை ஞாபகப்படுத்திக் கொப்பியில் எழுதுங்கள். அதுதான் உங்கள் கடந்தகால வினாத்தாள். தவறியதை அடுத்த முறைக்குத் திருத்துங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புக் கொடுக்கும்படிதான் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. கட்டுவது நம் வேலை. ரிஸ்க் அவனிடமிருந்து வருவது.

முடிவாக

அக்கா இப்போது வேலையில் இருக்கின்றார். சங்கக் கொப்பியை லயத்திலுள்ள இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்து, கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருக்கின்றார். அந்த லயத்திலிருந்து விண்ணப்பம் போடும் பிள்ளைகள் எல்லோரும் இப்போது எங்கள் கடை முகவரியையே எழுதுகின்றார்கள். பில் மேசையின் கீழ் இலாச்சியில் அவர்களுடைய கடிதங்களுக்கென்றே வாப்பா ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றார். பாடசாலை விட்டுக் கடைக்குப் போனதும் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த இலாச்சியைத்தான்.

நானும் உயர்தரம் முடிந்ததும் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நிய்யத் வைத்திருக்கின்றேன். என் பெயரில் உள்ள அந்த ஓர் எழுத்தைத் திருத்த அடுத்த விடுமுறையில் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலைகள் செய்யுங்கள். பத்திரங்களை எடுத்துப் பெயரை ஒப்பிடுங்கள். பிறகு ஒரு கொப்பியில் உங்கள் வேலைகளை எழுதுங்கள். ஞாபகம் வராவிட்டால் உம்மாவிடம் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, கண்ணியமான தொழிலையும் அதற்குரிய அமானிதத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

உயர்தர மாணவி, கலைப்பிரிவு